கட்டம் போடும் கலை

ஒரு சதுரம் போட்டு, குறுக்கே மூன்று கோடும் நெடுக்கே மூன்று கோடும் இழுத்தால் பதினாறு அறைகள் வரும். நடுவில் உள்ள நான்கையும் ஒன்றாக்கிவிட்டால் ஓரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அறைகள் மிஞ்சும். நடு இடத்தில் 'ராசி' என்று எழுதிவிட்டால் ஜாதகக் கட்டம் தயார். பிள்ளையார் சுழிக்கும் நோட்டின் மூலைகளில் தடவிய மஞ்சளுக்கும் நடுவே, பார்க்க எவ்வளவோ எளிதாகத் தெரிகிற இந்தப் படத்தை, வானத்தைக் குறித்துவைக்க மனிதர் கண்ட வழிகளில் மிக அழகான ஒன்று என்பேன். இதைச் சொல்லப் பலனில் நம்பிக்கை வைத்திருக்க வேண்டியதில்லை. பலன் சொல்வதில் எனக்கு ஈடுபாடு கிடையாது. 'செவ்வாய் தோஷம்' என்ற இரண்டே சொற்களால் எத்தனை பெண்களின் கல்யாணப் பேச்சு முறிந்திருக்கிறது என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. ஆனால் கட்டம் வேறு, பலன் வேறு. கட்டம் என்பது கணக்கு.

மேல் வரிசையில் இடமிருந்து வலமாக மீனம், மேஷம், ரிஷபம், மிதுனம். வலப்பக்கம் கீழிறங்கினால் கடகம், சிம்மம். அடி வரிசையில் வலமிருந்து இடமாகக் கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு. இடப்பக்கம் மேலேறினால் மகரம், கும்பம். எந்த அறையிலும் ராசியின் பெயரை எழுதுவதில்லை. இடம்தான் பெயர். வடநாட்டில் போடும் வைர வடிவக் கட்டத்தில் லக்னத்துக்கு எப்போதும் மேல் நடுவிடம், ராசிகள் அதற்கேற்ப நகரும், அவற்றை எண்ணால் குறிப்பார்கள். நம் ஊர்க் கட்டத்தில் ராசி நகராது, லக்னம்தான் நகரும். பிறந்த நேரத்தில் கிழக்கே எந்த ராசி உதயமாகிறதோ அந்த அறையில் 'ல' என்று எழுதுவார்கள், அல்லது மூலையில் சாய்வாக ஒரு கோடு கிழிப்பார்கள். பழகிய கண்ணுக்கு வானம் ஒரே இடத்தில் நிற்க, பிறப்பு மட்டும் அதற்குள் வந்து அமர்கிறது. எனக்கு இந்த முறைதான் உயர்ந்ததாகப் படுகிறது.

இந்த அடுக்கின் அழகு ராசி அதிபதிகளை எழுதிப் பார்த்தால்தான் புலப்படும். கடகம் சந்திரனுக்கு, சிம்மம் சூரியனுக்கு. வலப்பக்கத்தின் நடுவில் இரண்டும் மேலும் கீழுமாக அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கிருந்து மேல் வரிசையில் ஒரு கையும் அடி வரிசையில் ஒரு கையும் வைத்து இடப்பக்கமாக நகர்ந்து பாருங்கள். மிதுனமும் கன்னியும் புதனுக்கு. ரிஷபமும் துலாமும் சுக்கிரனுக்கு. மேஷமும் விருச்சிகமும் செவ்வாய்க்கு. மீனமும் தனுசும் குருவுக்கு. கடைசியாக இடப்பக்க நடுவில் கும்பமும் மகரமும் சனிக்கு. மேல் பாதியை அப்படியே கீழே மடித்தால், சந்திரனும் சூரியனும் தவிர, அதிபதிக்கு நேராக அதே அதிபதி வந்து பொருந்தும். புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி என்பது சூரியனை விட்டு விலகிப்போகும் வரிசை. வேகம் குறைந்துகொண்டே போகும் வரிசையும் அதுவே. ஆட்சி வீடுகளை மனப்பாடம் செய்யத் திணறும் மாணவனுக்கு இந்த மடிப்பைக் காட்டிவிட்டால் போதும், பிறகு மறக்கவே மாட்டான்.

மூலைகளையும் கவனிக்க வேண்டும். மீனம், மிதுனம், கன்னி, தனுசு ஆகிய நான்கும் உபய ராசிகள். இரண்டு மூலைகளுக்கு நடுவே ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் ஒரு சர ராசி, அடுத்து ஒரு ஸ்திர ராசி. ஓடுவது, நிற்பது, இரண்டுக்கும் பொதுவானது என்ற அந்தப் பகுப்பில், பொதுவானது சரியாகத் திரும்புமுனையில் வந்து விழுகிறது. மகரம் தொடங்கி மிதுனம் வரை, இடப்பக்கமும் மேல் வரிசையும் உத்தராயணம். கடகம் தொடங்கி தனுசு வரை, வலப்பக்கமும் அடி வரிசையும் தட்சிணாயனம். தையில் சூரியன் எந்த அறையில் ஏறுகிறான், ஆடியில் எந்த அறையில் இறங்குகிறான் என்பதை விரலால் தொட்டுக் காட்டலாம்.

எழுதி முடித்த கட்டத்தைப் படிப்பதில் தனி இன்பம் உண்டு. சூரியன் சிம்மத்தில், லக்னம் விருச்சிகத்தில், சந்திரன் கும்பத்தில் என்று ஒரு ஜாதகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூரியன் சிம்மத்தில் என்றால் ஆவணி மாதம். சூரியன் நிற்கும் ராசியே லக்னமானால் விடியல் வேளை. ஒரு ராசி உதயமாகி முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சிம்மத்திலிருந்து விருச்சிகம் மூன்று ராசி தள்ளி இருப்பதால் ஆறு மணி நேரம் கழிந்திருக்கிறது, ஆகவே உச்சிப்பொழுது. சந்திரன் சூரியனுக்கு ஏழாமிடத்தில் நேரெதிரே நிற்கிறது, ஆகவே பௌர்ணமியை ஒட்டிய நாள். ஆவணி அவிட்டத்தை ஒட்டி, நடுப்பகலில் பிறந்த குழந்தை. தேதியையும் நேரத்தையும் பார்க்காமலேயே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

பிழை பிடிக்கவும் இதே கண்தான். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது, ஆகையால் சூரியன் இருக்கும் அறையிலோ பக்கத்து அறையிலோதான் இருக்க முடியும். சுக்கிரனுக்கு எல்லை சுமார் 47 பாகை, ஆகவே இரண்டு அறைக்கு மேல் போகாது. ராகுவும் கேதுவும் எப்போதும் நேரெதிர். இவற்றில் ஒன்று தப்பியிருந்தாலும் எழுதியவர் கை தவறியிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.

ராசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் போடும் அம்சக் கட்டத்தைப் பலர் அதிகம் பார்ப்பதில்லை. என் மனத்துக்கு நெருக்கமானது அதுதான். 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 பாதங்கள். ஒரு பாதம் 3 பாகை 20 கலை. ஒரு ராசிக்கு 30 பாகை, அதை ஒன்பதாகப் பிரித்தாலும் அதே 3 பாகை 20 கலை. இருபத்தேழும் பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள், அவை ஒன்பதாம் பங்கான இந்த நவாம்சத்தில் வந்து கைகோக்கின்றன. அசுவினி முதல் பாதம் மேஷ அம்சம் என்று தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டு போனால், கார்த்திகை நாலாம் பாதத்தில் மீனம் வந்து ஒரு சுற்று முடியும். ரோகிணி முதல் பாதத்தில் மறுபடி மேஷம். மூன்று நட்சத்திரத்துக்கு ஒரு சுற்றாக மொத்தம் ஒன்பது சுற்று, ரேவதி நாலாம் பாதத்தில் மீனத்தோடு மிச்சமின்றி முடிந்துவிடும். ராசியிலும் அம்சத்திலும் ஒரே இடத்தில் நின்றால் அந்தக் கிரகம் வர்க்கோத்தமம். சர ராசிக்கு அது முதல் பாதத்திலும், ஸ்திர ராசிக்கு நடுப் பாதத்திலும், உபய ராசிக்குக் கடைசிப் பாதத்திலும் வருகிறது. யாரோ திட்டமிட்டு வைத்தது போல் இருக்கிறது, ஆனால் கணக்கு தானாகவே கொண்டுவந்து விட்ட ஒழுங்கு இது.

லக்னமோ ஏறத்தாழ பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு பாதம் கடந்துவிடும். அதனால்தான் பிறந்த நேரம் அவ்வளவு முக்கியம். பழைய நோட்டுகளில் நேரத்தை மணியில் எழுதாமல் உதயாதி நாழிகையில், அதாவது சூரிய உதயத்திலிருந்து எண்ணி எழுதியிருப்பார்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம்.

தசா இருப்புக் கணக்கில் இந்த நாழிகை விரியும் விதம் வியப்பானது. ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒதுக்கிய தசைக் காலம், கேதுவுக்கு 7, சுக்கிரனுக்கு 20, சூரியனுக்கு 6, சந்திரனுக்கு 10, செவ்வாய்க்கு 7, ராகுவுக்கு 18, குருவுக்கு 16, சனிக்கு 19, புதனுக்கு 17 என மொத்தம் 120 வருடம். பிறந்த நட்சத்திரத்தின் ஆத்யந்த பரம நாழிகையில், அதாவது அது தொடங்கி முடியும் வரையான மொத்த நேரத்தில், சென்றது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று பார்த்து அதே விகிதத்தில் முதல் தசையைக் குறைப்பார்கள். 'கர்ப்பச்செல் நீக்கி இருப்பு' என்று நோட்டில் வருவது இதுதான். பரணி நட்சத்திரம் 60 நாழிகை ஓடுவதாகக் கொண்டால், அதற்குரிய சுக்கிர தசை 20 வருடத்தில் ஒரு நாழிகைக்கு நான்கு மாதம். பிரசவ அறையில் கடிகாரத்தைப் பார்ப்பவர் 24 நிமிடம் தவறினால், காகிதத்தில் நான்கு மாதம் இடம் மாறும்.

இந்தக் கணக்கைப் போட்டவர்களின் திறமைக்கு வெளியாள் ஒருவரின் சாட்சியம் இருக்கிறது. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-ல் வெளியான 'கால சங்கலித' என்ற தம் நூலில், புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தார். கிரகணத்தின் நடுநேரமும் முடிவும் கூடுதலாகப் பிசகின, ஆனால் தொடக்கத்தில் பிழை நான்கே நிமிடம். எழுத்துக்களையே எண்ணாக்கி, சந்திரனின் 248 நாள் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் அடக்கிய மரபு அது. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதே வானாய்வுக் கூடத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், தொலைநோக்கியில் கண்டதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டுமென்று வாதாடினார். திருக்கணிதம் அந்த வழியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இன்றும் தீரவில்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்குப் பெயர்ந்தபோது, தாங்கள் பின்பற்றுவது வாக்கியம், ஆகவே பெயர்ச்சி 2026-ல்தான் என்று திருநள்ளாறு கோயில் அறிவித்தது. கிரகம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் நான் திருக்கணிதத்தின் பக்கம் நிற்பேன். ஆனால் சோழியை வைத்துக்கொண்டு கிரகணத்தைப் பிடித்த மூளைக்கு என் வணக்கம் குறையாது.

இன்று கணினி எட்டு நொடியில் நாற்பது பக்கம் அச்சடித்துத் தருகிறது. கட்டம் பிழையின்றி வருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கங்களை நிரப்பும் வளவளப்பில்தான் கட்டம் காணாமல் போகிறது. கையால் எழுதிய பழைய ஜாதகம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதில் வருடம் அழிந்துபோயிருந்தாலும் கட்டம் பிழைத்திருந்தால் வருடத்தை மீட்டுவிடலாம். சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ 30 வருடம், குருவுக்கு 12. இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கே வர ஏறத்தாழ 60 வருடம். பிரபவ முதலான அறுபதாண்டுச் சக்கரமும் அந்த அளவே. அப்படியானால் ஜாதகம் தாத்தாவுடையதா, அவருடைய அப்பாவுடையதா என்ற ஐயம் வரும். அப்போது ராகுவைப் பார்க்க வேண்டும். அது ஒரு சுற்று வர 18 வருடத்துக்குச் சற்று மேல் ஆகிறது, ஆகையால் 60 வருடத்தில் பழைய இடத்தில் இல்லாமல் கிட்டத்தட்ட மூன்று அறை தள்ளிப் போயிருக்கும்.