நாலாம் இடமும் ஐந்தாம் இடமும்

2002 மார்கழியில் திருச்சியிலிருந்து சித்தி வத்தளைக்கு வந்து எங்களோடு நின்றார். 1983 கலவரத்தின்போது கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். 2002 மாசியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் ஊரைப் பார்க்க மனம் துணிந்தது. அவர் நின்ற நாட்களில்தான் பிபிசி உலக சேவை தன் 70ஆவது ஆண்டையொட்டி நடத்திய வாக்கெடுப்பின் முடிவும் வந்தது. உலகத்தில் உங்களுக்கு மிகப் பிடித்த பாட்டு எது என்று கேட்டிருந்தார்கள். 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன, சுமார் 7,000 பாட்டுகள் பெயர் சொல்லப்பட்டன. அவற்றிலிருந்து பத்து.

அண்ணன் பட்டியலை விறாந்தையில் இருந்து வாசித்தான். முதலிடம் அயர்லாந்தின் வுல்ஃப் டோன்ஸ் குழு பாடிய தேசப் பாடல். இரண்டாவது வந்தே மாதரம், மூன்றாவது பாகிஸ்தானின் தில் தில் பாகிஸ்தான். நாலாவது 'தளபதி' படத்தின் ராக்கம்மா கையத் தட்டு. சித்தி உண்மையாகவே கைதட்டினார். இளையராஜாவின் இசை, பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடியது, 1991இல் வந்த படம் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாவதாக அண்ணன் வாசித்தது திருமலைச் சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'.

"இது எந்தப் படம்?" என்று கேட்டார் சித்தி.

"படமில்லை சித்தி. இது எங்கட பாட்டு" என்றான் அண்ணன்.

"படத்தில வராத பாட்டுக்கு ஆர் இவ்வளவு பேர் வோட்டுப் போட்டது?"

ஊரை விட்டு நடந்து போன சனத்தின் பாட்டு அது. 1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்த அந்த இரவை நினைக்காமல் அதைக் கேட்கக்கூடிய யாழ்ப்பாணத்தவர் யாரும் இருப்பார்களென்று நான் நினைக்கவில்லை. ஆனால் பத்தொன்பது வருஷம் திருச்சியில் இருந்த சித்திக்கு அந்தப் பாட்டு வந்து சேரவில்லை. கொழும்பில் இருந்த எங்களுக்கும் அது வானொலியால் வரவில்லை, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த கசெற்றில்தான் வந்தது. இரண்டு தமிழ்ப் பாட்டுகள் அடுத்தடுத்த படியில் நின்றன. ஒன்றை நேசித்தவர்களுக்கு மற்றது இருப்பதே தெரியாது. சித்தி கேட்ட கேள்வி எனக்கு இன்றும் ஓயவில்லை. இரண்டு கரைகளிலும் பிடித்த பாட்டைச் சொல்லும் வழக்கம் எப்படி வேறு வேறாக வளர்ந்தது என்பதற்கான விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இந்தியாவில் பாட்டு என்றால் படம் என்று ஆனது இயல்புதான். ஆனால் அந்தப் படப்பாட்டை வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் இந்தியாவில் பிறக்கவில்லை, இங்கே எங்கள் பக்கத்தில் பிறந்தது. வத்தளையிலிருந்து நீர்கொழும்பு வீதியால் 240ஆம் இலக்க பஸ்ஸில் ஜா-எல வரை போய் உள்ளே திரும்பினால் ஏக்கலை வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்துக்காக உருவான வானொலியின் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி நின்ற இடம் அதுதான். போர் முடிந்து சில வருஷங்களில் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட் அதை நடத்தினார். ஆசியா முழுவதும் கேட்கும் வலுவுள்ள பரப்பி, விளம்பரம் ஏற்கும் அனுமதி, பாட்டுத் தட்டுகள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தன.

அதே வேளையில் அக்கரையில் கதவு மூடியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. சாஸ்திரிய சங்கீதத்தை வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். சங்கீத வித்துவான்கள் பலருக்கு அந்த வானொலி சோறு போட்டது. ஆனால் கேட்பவருக்கு எது பிடிக்கும் என்பதை அமைச்சர் முடிவு செய்யலாம் என்று எண்ணியதுதான் பிழை. ஜனங்கள் றேடியோவின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள்.

அந்த 1952 மார்கழியில்தான் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவாகி, நாடா விமானத்தில் கொழும்புக்கு வந்து, புதன் இரவுகளில் ஏக்கலையிலிருந்து திரும்ப இந்தியாவுக்கே போனது. தொடக்கத்தில் ஏழு பாட்டுகள்தான். அவற்றை வந்த ஆண்டின் வரிசைப்படி அடுக்கி அனுப்புவோருக்குப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்றும், ஒரு வருஷத்துக்குள் அது வாரத்துக்கு 65,000 ஆனது என்றும் சயானி சொல்லிவந்தார். அத்தனை கடிதத்தை வைத்துப் பரிசு கொடுக்க முடியாமல்தான் போட்டியை விட்டுவிட்டு, எந்தப் பாட்டு மேலே எந்தப் பாட்டு கீழே என்று சொல்லும் நிகழ்ச்சியாக அதை மாற்றினார்கள். ஒவ்வோர் இடத்தையும் 'பாயதான்' என்றார் சயானி, படி என்று பொருள். பாட்டுக்கு ஏறவும் இறங்கவும் ஒரு படிக்கட்டு கிடைத்தது.

அந்தப் படிக்கட்டை எப்படிக் கட்டினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதலில் தட்டு விற்பனையை நம்பினார்கள். ஆனால் நல்ல பாட்டென்றால் கடையில் தட்டு முடிந்துவிடும், தட்டு இல்லாத வாரம் விற்பனையும் இருக்காது, பாட்டு கீழே இறங்கிவிடும். ஆசை கூடியதால் இடம் குறையும். இதைச் சரிசெய்ய ஊரூராக நேயர் சங்கங்களிடம் வாராந்தம் கருத்துக் கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவனின் சொல்லோடு, வாங்க வசதியில்லாமல் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டவனின் சொல்லும் கணக்கில் சேர்ந்தது. ஒரு பட்டியலுக்கு இதைவிட நேர்மையான வழி இன்றுவரை வந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

1957 ஒக்டோபர் 3ஆம் திகதி அகில இந்திய வானொலியில் விவித்பாரதி சேவையைத் தொடங்கி டில்லி பதில் சொன்னது. திரைப்பாட்டு திரும்ப வந்தது. ஆனால் அது வந்த விதம் வேறு. விவித்பாரதி நேயரிடம் கேட்டது விருப்பத்தை, வாக்கை அல்ல. உனக்கு எது வேண்டும் சொல், போடுகிறோம். எது பெரிது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்த அழைப்புக்கு ஓர் ஊர் எப்படிப் பதில் சொன்னது என்பதற்கு ஜும்ரி தலையாவே சாட்சி. அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சிறிய அப்பிரகச் சுரங்க ஊர் அது. பாட்டுக் கேட்டு எழுதும் கடிதங்களால் இந்தியா முழுக்க அந்தப் பெயர் தெரிந்தது. ஊருக்குள்ளேயே யார் அதிகம் எழுதுவது என்று போட்டி நடந்தது. இப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த ஊரார் தங்கள் ஊர் இருக்கிறது என்பதை வாரந்தோறும் தேசத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் இலங்கை வானொலியின் எங்கள் தமிழ்ச் சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலோடு வளர்ந்தவர்கள் எங்கள் அம்மா தலைமுறை. எங்கள் தலைமுறைக்கு கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத். காலையில் பொங்கும் பூம்புனல். அதற்குப் பிறகு பகல் முழுக்கப் பெயர்கள்: பாட்டைக் கேட்டவர், அவருடைய ஊர், வீட்டார் எல்லாருடைய பெயரும். பருத்தித்துறை, ஹட்டன், காத்தான்குடி, இராமநாதபுரம், தூத்துக்குடி எல்லாம் ஒரே மூச்சில் வரும். படம் இந்தியப் படம், பாட்டு இந்தியப் பாட்டு. ஆனால் அதைக் கேட்டது இன்னார், இந்த ஊர் என்பது மட்டும் எங்களுடையது. பாட்டு மூன்று நிமிஷம் என்றால் பெயர்கள் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எங்கள் வீட்டில் றேடியோவின் சத்தத்தைக் கூட்டுவோம்.

அம்மா தபாலட்டை எழுதுவார். கொட்டாஞ்சேனை வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து, பாட்டின் பெயரை எழுதிவிட்டு, நான்கு பிள்ளைகளின் பெயரையும் வயதுப்படி எழுதி, கடைசியில் சித்தியின் பெயரையும் சேர்ப்பார். சித்தி திருச்சிக்குப் போன பிறகும் அந்தப் பெயரை அம்மா விடவில்லை. பக்கத்தில் 'திருச்சி' என்று மட்டும் கூட்டினார். திருச்சியில் சித்தி அதைக் கேட்டாரா என்று நான் 2002இல் கேட்டேன். ஒரேயொரு முறை, ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னாராம். கேட்கப் போவதற்குள் பாட்டு தொடங்கிவிட்டதாம். அந்தப் பாட்டு என்னவென்று அவருக்கு நினைவில்லை. பெயர் சொன்னார்கள் என்பது நினைவிருந்தது.

தமிழ்நாட்டிலும் பெயர் வாசித்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை விவித்பாரதியின் தேன்கிண்ணத்தைச் சித்தி வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் அங்கே ஒருபோதும் எழுதிப் போடவில்லை. "அங்க பாட்டு நல்லாப் போடுவாங்க. எழுதோணும் எண்டு தோன்றேல்ல" என்றார். கேட்பதற்கு ஒரு வானொலி, எழுதுவதற்கு ஒரு வானொலி என்று அவர் மனதில் பிரிந்திருந்தது.

எழுதுவது என்றால் வெறும் பட்டியலும் அல்ல. 'இசையும் கதையும்' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. நேயர் ஒருவர் ஒரு கதை எழுதி, நடுநடுவே எந்தப் பாட்டு வரவேண்டும் என்றும் குறித்து அனுப்புவார். அறிவிப்பாளர் அதை வாசிப்பார். பெரும்பாலும் பிரிந்த காதல், வெளிநாடு போன அண்ணன், கலியாணம் ஆகாத அக்கா. இலக்கியப் பத்திரிகைகள் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை. எனக்கோ, ஒரு பாட்டு ஏன் பிடிக்கும் என்பதற்கு மனிதர்கள் சொன்ன மிக முழுமையான விடை அங்கேதான் இருந்தது என்று படுகிறது. படத்தில் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ பாடிய சந்தர்ப்பத்தை உரித்துப் போட்டுவிட்டு, தன் வீட்டுக் கதையை அந்தப் பாட்டுக்குள் வைத்தார்கள். எந்தப் படம் என்ற கேள்வியே அங்கே எழாது. இரவல் பாட்டை எங்களுடையதாக்கிக்கொள்ள எங்களுக்குத் தெரிந்த வழி அது.

ஆனால் இரவல் இரவல்தான். எங்கள் பட்டியல்களைப் பற்றி எனக்குள்ள மனக்குறை இது. சொந்தப் பாட்டு இல்லாமல் இருந்ததில்லை. மெல்லிசைப் பாடல்கள் வானொலிக் கலையகத்திலேயே பிறந்தன. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாட்டால் தெருவெல்லாம் ஆட வைத்தார்கள். மனோகரனின் சுராங்கனி கடல் கடந்து போய், 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் ஏறியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அதைக் கேட்டவர்களிடம் எந்தப் படம் என்று கேட்டால் விடை இருந்தது. எங்கள் பாட்டு அவர்கள் பட்டியலில் ஏற ஒரு படம் தேவைப்பட்டது. அதைவிட எனக்கு நோவது, எங்கள் தபாலட்டைகளில்கூட அந்தப் பாட்டுகள் அரிதாகவே வந்தன என்பது. அம்மா எழுதிய அட்டைகளில் ஒன்றிலாவது மெல்லிசைப் பாட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை. கேட்டபோது, "அது தானாப் போடுவினம்தானே" என்றார்.

1989இல் கீத்மாலா கொழும்பை விட்டு விவித்பாரதிக்குப் போனது. அதற்கு முன்பே போர் நேயர்களைச் சிதறடித்துவிட்டது. அடுத்த பத்தாண்டில் பண்பலை வந்தது. 1998இல் கொழும்பில் சூரியன் எஃப்எம், அதே வருஷம் சக்தி எஃப்எம். 2003இல் சென்னையில் இன்னொரு சூரியன் எஃப்எம். பெயர்தான் ஒன்று, உறவு எதுவுமில்லை. இப்போது வத்தளையில் முச்சக்கரவண்டியில் ஏறினால் கேட்கும் பட்டியலும் சென்னையில் ஆட்டோவில் கேட்கும் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்: போன வெள்ளிக்கிழமை வந்த படம், வரப்போகும் படம். சென்னையில் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டு ஏறினால் ஒரு படம் ஓடும், ஒரு பாடகருக்கு அடுத்த வாய்ப்பு வரும். இங்கே அதே பாட்டு ஏறினால் இங்குள்ள யாருக்கும் எதுவும் நடக்காது. இந்த வேறுபாட்டைத்தான் எங்கள் நிலையங்கள் யோசிக்க வேண்டும். பத்துப் பாட்டில் இரண்டை இந்த மண்ணில் செய்த பாட்டுக்கு என்று வைத்து, அதற்கும் நேயரிடம் வாக்குக் கேட்டால், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அறைக்குள் இருந்து பாட்டுச் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு கிடைக்கும். தானாகப் போடுவார்கள் என்று விட்டால் போட மாட்டார்கள்.

பிபிசியின் வாக்கெடுப்பைப் பற்றி அப்போது பலர் குறை சொன்னார்கள். சங்கங்கள் சேர்ந்து மின்னஞ்சல் அனுப்பித் திரட்டிய வாக்கு, இதை எப்படி உலகத்தின் ரசனை என்பது என்று. முதலிடப் பாட்டுக்கும் அப்படித்தான் திரட்டினார்கள். இருக்கட்டும். ஜும்ரி தலையாவும் திரட்டிய வாக்குத்தான். எழுதாதவருக்கு விருப்பம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எழுதியவரின் விருப்பம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ள வேறு அளவுகோல் கிடையாது. எந்த நிலையமும் முன்கூட்டித் தெரிந்தெடுத்துக் கொடுக்காத வெற்று வாக்குச் சீட்டு ஒன்று கையில் கிடைத்தபோது, எங்கள் ஆட்கள் படமில்லாத ஒரு பாட்டை எழுதினார்கள்.

அன்றிரவு அண்ணன் அந்தக் கசெற்றைத் தேடி எடுத்தான். நாடா கொஞ்சம் இழுத்தது. சித்தி கதிரையை றேடியோவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் தரம் முடிந்தபோது, பாடியவர் திருகோணமலையா என்று கேட்டார். ஓம் என்றான் அண்ணன். கைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து, பாட்டின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் வழக்கமாகப் படத்தின் பெயர் எழுதும் இடத்தில் ஊரின் பெயரை எழுதிக்கொண்டார்.