தலைமாட்டு அரிவாளும் மன்றோ ஊர்த் துப்பாக்கியும்

என் அப்பத்தாவுக்கு ராபர்ட் வில்லியம்ஸைத் தெரியாது. அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது.

1997. எனக்கு எட்டு வயசு. தென் மாவட்டங்களில் 'சாதிக் கலவரம்' என்று பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்த சமயம். பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் வேலை தொடங்கிவிடும். கூரை வீடுகளுக்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர். தீப்பிடித்த ஓலையை இழுத்துப்போட நீளத் தொரட்டி. அடுப்படியில் இருக்கிற மிளகாய்த்தூள் டப்பா வாசலுக்கு வந்துவிடும். தாத்தாவின் தலைமாட்டில், பாய்க்கு அடியில், விறகு வெட்டுகிற அரிவாள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், அக்காவின் மார்க் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில். அந்தப் பை அப்பத்தாவின் தலைக்கு அடியில். "கண்ண மூடிக்க தாயி, காத மட்டும் தொறந்து வச்சுக்க" என்பாள்.

எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. வராததால் அந்த இரவுகளைப் பற்றி எந்த உண்மையறியும் குழு அறிக்கையிலும் ஒரு வரி கிடையாது. எரிந்த தெருவுக்குத்தான் வரலாறு உண்டு. எரியாமல் காத்த தெருவுக்கு வரலாறு கிடையாது. வில்லியம்ஸின் புத்தகத்தைப் படித்தபோது என்னை முதலில் அடித்தது இந்த விஷயம்தான்.

'நீக்ரோஸ் வித் கன்ஸ்' 1962இல் வந்தது. சின்னப் புத்தகம். வில்லியம்ஸ் அதை நாடு கடந்து கியூபாவில் இருந்த காலத்தில் வெளிவந்தது. வட கரோலினா மாநிலத்தில் மன்றோ என்ற சிற்றூரில் 1925இல் பிறந்தவர் அவர். ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஊரில் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கிளை ஆறே பேரோடு மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. வசதியான கறுப்பர்கள் பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள். வில்லியம்ஸ் பில்லியர்ட்ஸ் ஆடும் இடத்துக்கும் முடிதிருத்தும் கடைக்கும் போய் ஆள் சேர்த்தார். கூலிக்காரர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள், பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்தார்கள். நம் ஊரில் இயக்கம் கட்டியவர்களுக்கு இந்தக் கதை புதுசில்லை.

சண்டை தொடங்கியது தண்ணீரில். நகராட்சி நீச்சல் குளம் அரசுப் பணத்தில் கட்டப்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார்கள். கறுப்புப் பிள்ளைகள் குட்டையிலும் ஓடையிலும் குளித்துச் செத்தார்கள். குளத்தைத் திறந்துவிடு என்று 1957இல் கேட்டதும் கூ க்ளக்ஸ் க்ளான் கிளம்பிவிட்டது. மகாத் குளத்தை நினைக்காமல் இந்தப் பக்கத்தைக் கடக்க முடியவில்லை. க்ளான்காரர்கள் வரிசையாகக் கார்களில் கறுப்பர் தெருவுக்குள் சுட்டுக்கொண்டே வருவார்கள். போலீஸ் வண்டி முன்னால் வரும். வில்லியம்ஸும் தோழர்களும் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தில் முறைப்படி பதிவு வாங்கி ஒரு துப்பாக்கிக் கிளப் தொடங்கினார்கள். மணல் மூட்டை அடுக்கினார்கள். காவல் முறை வைத்தார்கள். 1957 அக்டோபரில் டாக்டர் ஆல்பர்ட் பெர்ரியின் வீட்டைத் தாக்க வந்த கூட்டம் திருப்பிச் சுட்டதும் ஓடிப்போனது. அதுவரை 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்றிருந்த நகரமன்றம் உடனே க்ளான் ஊர்வலத்துக்குத் தடை போட்டது. சட்டம் இல்லாமல் இருந்ததில்லை. சட்டத்தைத் தட்டி எழுப்ப ஆள் இல்லாமல் இருந்தது.

ஒரு பிரதியாக இந்தப் புத்தகத்தின் பலம், அது அடிபட்ட உடம்பில் தொடங்குவதில்லை என்பது. யார் எந்த மூலையில் நின்றார்கள், எப்படிக் கூடினார்கள் என்பதுதான் அதன் கதை. நாம் எழுதிய சாட்சியங்களை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை வீடு எரிந்தது, எந்த அதிகாரி எத்தனை மணிக்கு வந்தார். தேவையானவைதான், அவை இல்லாமல் ஒரு வழக்கும் நிற்காது. ஆனால் இப்படியே எழுதி எழுதி, நம் சனங்களை அடி வாங்க மட்டுமே தெரிந்தவர்களாக நாமே கட்டமைத்துவிட்டோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. கருணை காட்ட வருகிற வாசகனுக்கு அந்தப் பிம்பம் வசதியானது. தொரட்டியும் குடமும் அவனுக்கு வேண்டாதவை.

வில்லியம்ஸ் தனி ஆளும் இல்லை. 1892இல் மெம்பிஸ் நகரில் தன் நண்பர்கள் மூன்று பேரை வெள்ளைக் கும்பல் கொன்றதும் ஐடா பி. வெல்ஸ் என்ற பெண் பத்திரிகையாளர் கைத்துப்பாக்கி வாங்கினார். அதே ஆண்டு எழுதிய நூலில், கறுப்பர்கள் ஆயுதத்தோடு நின்ற இடங்களில் கும்பல் பின்வாங்கியதைச் சுட்டிக்காட்டினார். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோ ஊரில் உருவான 'டீக்கன்ஸ்' அமைப்பு, அகிம்சைப் போராட்டக்காரர்களுக்கே ஆயுதக் காவல் கொடுத்தது. அந்தப் போராட்டத்தில் தானும் இருந்த சார்லஸ் காப், துப்பாக்கிக் காவல் இல்லாமல் தெற்கில் அகிம்சை இயக்கமே நடந்திருக்காது என்று 2014இல் ஒரு புத்தகமே எழுதினார். இதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லாது. காந்தியின் அமெரிக்கச் சீடர் என்று மார்ட்டின் லூதர் கிங்கின் படத்தை மாட்டுவார்கள். 1956 ஜனவரி 30இல் மாண்ட்கோமரியில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அதன்பின் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு அந்த மனிதர் விண்ணப்பம் போட்டார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். குண்டு விழுந்த வீட்டுக்காரருக்கே 'தேவை' இல்லையாம்!

இந்த 'தேவை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாம் மேலே போக வேண்டும். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை அமெரிக்காவில் எல்லாருக்கும் உண்டு என்பது புத்தகத்தில். கறுப்பர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் ஆயுதத்தோடு நடமாடுவார்களே என்பது, 1857இல் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பில் நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று. பிளாக் பாந்தர்கள் ஓக்லண்டில் வெளிப்படையாகத் துப்பாக்கியோடு போலீசைக் கண்காணித்தபோது, 1967இல் கலிபோர்னியா அவசர அவசரமாக முல்ஃபோர்டு சட்டம் கொண்டுவந்தது. கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரீகன். 2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில், உடம்போடு மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற்றவர். தன்னிடம் ஆயுதம் இருப்பதைப் போலீசிடம் மரியாதையாகச் சொன்னவர். சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டார். சுட்டவர் 2017இல் விடுதலை. 2022இல் நியூயார்க்கின் பழைய உரிமச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கில் சட்டத்துக்கு எதிராக வாதிட்டவர்களில், ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பு வழக்கறிஞர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரன் வைத்திருந்தால் தற்காப்பு, எங்கள் கட்சிக்காரன் வைத்திருந்தால் ஜெயிலா என்பது அவர்கள் கேள்வி. காகிதத்தில் உரிமம் ஒன்றுதான். அதைப் படிக்கிற கண்தான் வேறு.

வில்லியம்ஸோடு எனக்குச் சண்டையும் உண்டு. 1959இல் கறுப்புப் பெண் ஒருவரை வன்புணர முயன்ற வெள்ளையன் விடுதலையானான். அன்றைக்கே பதிலடி கொடுக்கக் கிளம்பியவர்களைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நிறுத்தி வைத்தவர் வில்லியம்ஸ். நீதிமன்றத்திலேயே பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு 'இப்ப என்ன சொல்றே' என்று கேட்டார்கள். அந்த இடத்தில்தான், வன்முறையை வன்முறையால் சந்திப்போம் என்ற பேச்சு அவரிடமிருந்து வந்தது. அதற்காக அமைப்பு அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. அந்தப் பேச்சின் வேர் பெண்களின் கோபம். ஆனால் புத்தகத்தில் பெண்கள் பெரும்பாலும் காக்கப்பட வேண்டியவர்களாகவே நிற்கிறார்கள். அவர் மனைவி மேபல் துப்பாக்கி பிடித்துக் காவல் நின்றவர். கணவரோடு பத்திரிகை நடத்தியவர். அவர் குரல் எங்கே? 'நம் பெண்களைக் காப்போம்' என்ற வசனம் சாதி இந்துவின் வசனமும்தான். அதே வாய்தான் பெற்ற மகளையே வெட்டச் சொல்கிறது. ஆண்மையை மீட்கும் கதையாடலாகத் தற்காப்பைச் சொன்னால், வெளியே நீளும் துப்பாக்கி ஒருநாள் வீட்டுக்குள்ளும் திரும்பும்.

இனி நம் கதை. பிளாக் பாந்தர் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் பிறந்தது. பெயர் வந்தது; துப்பாக்கி வரவில்லை. வரவும் வழியில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வழங்குவது மாவட்ட நிர்வாகத்தின் கையில். நிலமும் செல்வாக்கும் உள்ளவன் கேட்டால் பயிர்ப் பாதுகாப்பு என்று கிடைக்கும். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணிக்கு வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. உள்ளே இருந்தவர்களிடம் ஒரு குடிசை இருந்தது. 44 பேர். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள்.

நம்மில் பலர் படிக்காத ஒரு விதியைச் சொல்கிறேன். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. அதில் மூன்றாம் விதி முன்தடுப்பு பற்றியது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக ஆயுத உரிமம் வழங்கலாம். இரண்டுக்கும் முன்னால் ஒரே வால்: 'தேவை எனக் கருதினால்'. கருதுவது யார்? கிங்குக்கு இல்லையென்ற அதே நாற்காலிதான்.

உரிமத்தை விடுங்கள். தற்காத்துக்கொள்ளும் உரிமை தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆனால் நாம் ஒரு கல்லைத் திருப்பி எறிந்தால் அதற்குப் பெயர் 'இரு தரப்பு மோதல்'. அவனுக்கு ஒரு எஃப்.ஐ.ஆர்., நமக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். பிறகு சமாதானப் பேச்சு. 1963இல் மிசிசிப்பியில் ஹார்ட்மன் டர்ன்போ என்ற விவசாயி வாக்காளராகப் பதியப் போனார். வீட்டில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். அவர் திருப்பிச் சுட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். போலீஸ் வந்து அவரையே கைது செய்தது, தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தார் என்று. இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நம்ம ஸ்டேஷன் மாதிரியே இருந்தது.

அதனால்தான் மேடையில் 'நாங்களும் எடுப்போம்' என்று முழங்கும் தம்பிகளிடம் எனக்குப் பயம். முழங்கியவன் வண்டியேறிப் போய்விடுவான். மறுநாள் காலையில் தெருவில் இருப்பவர்கள் வயசானவர்களும் பிள்ளைகளும்தான். 1927இல் மகாதில் நம் ஆட்கள் தாக்கப்பட்டபோது கூட்டத்தில் பட்டாளத்து மகர்கள் இருந்தார்கள். திருப்பி அடிக்கத் தெரிந்தவர்கள். அம்பேத்கர் நிறுத்தினார். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவன் கையில் மட்டுமே ஆயுதம் தற்காப்பு. வில்லியம்ஸுக்கும் அது தெரிந்திருந்தது. 1961 ஆகஸ்டில் கோபத்தில் கொதித்த தெருவுக்குள் மாட்டிக்கொண்ட வெள்ளைத் தம்பதியைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றித் தன் வீட்டுக்குள் வைத்தார். அதற்கே ஆள்கடத்தல் வழக்குப் போட்டார்கள். ஊரைவிட்டு ஓடினார், கியூபா, சீனா என்று அலைந்து 1969இல்தான் திரும்பினார்.

அவன் கையில் இருப்பதை முதலில் வாங்கு என்பது என் முதல் கோரிக்கை. மூன்றாம் விதியின் அந்தப் பாதியை எந்த மாவட்டத்தில் எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று ஒவ்வொரு கலெக்டரிடமும் எழுதிக் கேட்போம். மறுபாதியையும் கேட்போம். கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தே கேட்போம். மறுப்பை எழுத்தில் வாங்குவோம்.

இரண்டாவது கோரிக்கை நம்மிடம். உங்கள் வீட்டுக் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். அந்த ராத்திரிகளில் என்ன வைத்திருந்தீர்கள், யார் முழித்திருந்தார்கள், சத்தம் கேட்டால் யாரை எழுப்புவதாகப் பேச்சு, பிள்ளைகளை எந்த வழியாகக் கூட்டிப்போவதாக இருந்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். மன்றோவின் துப்பாக்கி நமக்குக் கிடைக்காது. மணல் மூட்டை அடுக்கிய அந்த ஒழுங்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது.

அப்பத்தா போய்விட்டாள். மஞ்சப்பை என்னிடம் இருக்கிறது. அக்காவின் மார்க் சீட்டு கிழியாமல் இருக்கிறது.