நடப்பவரின் துயரம்

ஓர் ஓவியத்தைப் பார்த்து எழுதப்பட்ட இசையில் நாம் எதைத் தேட வேண்டும்? ஓவியத்தையா, அதைப் பார்த்தவரையா? மொடெஸ்ட் முசோர்ஸ்கியின் 'கண்காட்சியில் ஓவியங்கள்' என்ற பியானோ ஆக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் இக்கேள்வி எனக்குள் எழுகிறது.

ரஷ்யக் கட்டடக் கலைஞரும் ஓவியருமான விக்டர் ஹார்ட்மன் 1873இல் தமது 39ஆவது வயதில் திடீரெனக் காலமானார். முசோர்ஸ்கியின் நெருங்கிய நண்பர் அவர். மறு ஆண்டு, கலை விமர்சகர் விளாதிமிர் ஸ்டாசோவின் முயற்சியால் ஹார்ட்மனின் 400க்கும் மேற்பட்ட ஆக்கங்கள் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தக் கண்காட்சியின் பாதிப்பில், 1874 ஜூனில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் முசோர்ஸ்கி இதனை எழுதி முடித்தார்.

பத்துச் சித்திரங்கள், அவற்றுக்கிடையே திரும்பத் திரும்ப வரும் 'உலா' என்ற பகுதி. பலரும் சித்திரங்களையே சிலாகிக்கின்றனர். என்னளவில் இதன் உயிர் உலாவில்தான் இருக்கிறது. ஐந்தும் ஆறுமாக மாறிவரும் அதன் தாளம் சீரான அணிநடை அல்ல. சற்றுத் தயங்கி, பின் விரையும் ஒரு தனி மனிதரின் நடை. இந்த இடைப்பகுதிகளில் தெரிவது தமது சாயலே என்று முசோர்ஸ்கி ஸ்டாசோவுக்கு எழுதியும் இருக்கிறார்.

எட்டாவது சித்திரம் பாரிஸின் நிலக்கீழ்ப் புதையறைகள். விளக்கொளியில் அங்கே நிற்பவர்களுள் ஒருவராக ஹார்ட்மன் தம்மையே வரைந்திருந்தார். அச்சித்திரத்தை அடுத்து உலாவின் மெட்டு வருகிறது. ஆனால் நடை ஓய்ந்துவிட்டது. மேலே ஸ்வரங்கள் மெல்ல நடுங்க, கீழே அதே மெட்டு இருண்டு ஒலிக்கிறது. பார்வையாளர் சட்டகத்தைக் கடந்து ஓவியத்துக்குள் சென்று, இறந்த நண்பரின் அருகில் நிற்கிறார். இதன்பின் தனியாக உலா இல்லை. கட்டப்படாமல் வரைபடமாகவே நின்றுபோன கீவ் நகரின் பெருவாயிலைப் பற்றிய இறுதிச் சித்திரத்தில், மணியோசைகளுக்கு நடுவே அந்த மெட்டு கலந்துவிடுகிறது.

நான் முதலில் கேட்டது, மொறிஸ் ரவெல் 1922இல் வாத்தியக்குழுவுக்காக அமைத்த வடிவத்தை. அதன் வண்ணங்களில் மயங்கினேன். இன்றும் அதனைக் குறைத்து மதிப்பிடேன். எனினும் ரவெல் ஓர் உலாவை நீக்கிவிட்டார். மாட்டுவண்டிச் சித்திரம் அவரிடம் மெல்லத் தொடங்கி, தூரத்திலிருந்து நெருங்கி வருகிறது. முசோர்ஸ்கியின் கையெழுத்துப் பிரதியிலோ முதல் ஸ்வரத்திலேயே முழுப் பாரத்துடன் வண்டி எதிரே நிற்கிறது. இம்மாற்றம் ரிம்ஸ்கி-கோர்சகோவ் பதிப்பித்த 1886ஆம் ஆண்டு அச்சுப் பிரதியிலிருந்து வந்தது என்பதால் பழி முழுவதையும் ரவெல்மீது சுமத்துவது நியாயமல்ல. ஆனால் விளைவு ஒன்றே: ஒருவரின் காலடியோசை பலர் செல்லும் ஊர்வலமாகிறது. கண்காட்சி ஒளிர்கிறது, வந்தவர் மறைகிறார்.

அன்று காட்சிக்கு வைக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தொலைந்துவிட்டன. இச்சித்திரங்கள் சிலவற்றின் மூல ஓவியங்களைக்கூட இன்று காண முடியாது. இசை தளரவில்லை, ஏனெனில் அது ஓவியங்களில் சாய்ந்து நிற்கவில்லை.

நண்பரொருவர் மறைந்தால் நாம் எழுதும் இரங்கற் கவிதைகள் பெரும்பாலும் அவருடைய குணங்களைப் பட்டியலிடுகின்றன. முசோர்ஸ்கி அவ்வாறு எதையும் சொல்லவில்லை. நண்பரின் படங்களுக்கு முன்னால் தமது நடை எவ்வாறு மாறியது என்பதை மட்டுமே சொன்னார். அதனாலேயே ஹார்ட்மனை அறியாத நாமும் அவருக்காகத் துயருறுகிறோம்.