ஈறில்லாப் பட்டியலும் வாசகனின் இடமும்

கைப்பேசித் திரையில் இன்று நாம் வாசிப்பனவற்றுள் பெரும்பகுதி நூலும் அன்று, இதழும் அன்று, பட்டியல். செய்தி, படம், கடைச்சரக்கு, நண்பர் கூற்று எதுவாயினும், விரலால் மேலே தள்ளத் தள்ளக் கீழிருந்து புதியது எழுந்துகொண்டே இருக்கிறது. 2006 ஆம் ஆண்டில் இவ்வடிவை உருவாக்கியவராக அறியப்படும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின், அதன் விளைவுகளுக்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். அவ்வருத்தத்தைச் சான்றாக்கி இவ்வடிவை முற்றாக ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு செய்வதற்கில்லை. கட்டப்படும் முறையை அறியாமல் ஒன்றைக் குறைகூறுதல் திறனாய்வு ஆகாது.

முறையோ பாராட்டுக்குரியது. பத்தாயிரம் உருப்படிகள் உள்ள பட்டியலுக்குச் செயலி பத்தாயிரம் கட்டங்களை உண்டாக்குவதில்லை. கருவியின் நினைவகம் அதைத் தாங்காது. திரையில் தெரியும் எட்டோ பத்தோ கட்டங்களும், அவற்றை அடுத்த சிலவுமே உள்ளன. மேலே மறையும் கட்டம் புதிய செய்தி நிரப்பப்பெற்றுக் கீழே திரும்பி வருகிறது. ஐபோனுக்கு மென்பொருள் எழுத 2008 இல் வெளிவந்த கருவித்தொகுதியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. ஆண்ட்ராய்டில் 2014 இல் வந்த ‘ரிசைக்ளர்வியூ’ தன் பெயரிலேயே அதனைச் சொல்கிறது. பழையதைத் துடைக்க மறந்தால் ஒருவர் பெயருக்கு எதிரே மற்றொருவர் முகம் தோன்றும். கவனக்குறைவான செயலிகளில் இதனை நாம் அடிக்கடி காணலாம்.

இதனினும் நுட்பமான பிழை சர்வரிடம் கேட்கும் முறையில் உள்ளது. முதல் இருபதைப் பெற்ற செயலி, ‘இருபதை விட்டு அடுத்த இருபதைத் தருக’ என்று கேட்பதாகக் கொள்வோம். இடையே தலைப்பில் மூன்று புதியன சேர்ந்திருப்பின், 18, 19, 20 ஆம் உருப்படிகள் மீண்டும் வரும். வாசித்தவற்றுள் மூன்று நீக்கப்பட்டிருப்பின், 21, 22, 23 வாராமலே போகும். திரும்ப வருவது சலிப்பு; விடுபடுவதோ வாசகன் ஒருபோதும் அறியாத இழப்பு. இதற்குத் தீர்வு எண்ணிக்கையைக் கைவிட்டு, ‘இன்ன உருப்படிக்குப் பின் வருவனவற்றைத் தருக’ என்று கேட்பதாகும். நேரத்தை மட்டும் அடையாளமாகக் கொள்ளுதலும் போதாது; ஒரே நொடியில் இரண்டு பதிவாகலாம். ஒவ்வொன்றுக்கும் உரிய தனி எண்ணையும் சேர்த்தல் வேண்டும்.

பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளைப் புரட்டியோர்க்கு இத்தீர்வு புதிதன்று. மறுபக்கத்தின் முதற்சொல்லை இப்பக்கத்தின் அடியில் எழுதிவைப்பது படியெடுப்போர் வழக்கம். ‘தஅகீபா’ எனப்படும் அச்சொல், ஏடுகள் கலைந்தாலும் தொடர்ச்சியைக் காத்தது. பக்க எண்ணை நம்பாமல் சொல்லை நம்பினர் அவர்கள்.

ஆயினும் அப்பிரதிக்குக் கடைசி ஏடு ஒன்று இருந்தது. நம் கருத்துவேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது. மதீனா அச்சு முஸ்ஹஃபு 604 பக்கங்கள் கொண்டது. பக்கத்துக்குப் பெரும்பாலும் 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு நிறைவுறும். ஹாஃபிழ்கள் பலர் சொற்களோடு அவை பக்கத்தில் அமைந்த இடத்தையும் சேர்த்தே மனத்தில் பதிக்கின்றனர். அதே வசனங்களை ஓடும் பட்டியலாக மட்டும் காட்டும் செயலியில் வலப்பக்க மேல்வரியும் இல்லை, இடப்பக்க ஈற்றுவரியும் இல்லை. எழுத்து ஒன்றும் குறையவில்லை, இடம் போய்விட்டது.

முடிவைக் காட்ட இயலாதென்பதும் உண்மையன்று. 2018 இல் இன்ஸ்டாகிராம், புதியன யாவும் பார்த்தாயிற்று என்னும் அறிவிப்பை நண்பர் பதிவுகளின் ஈற்றில் வைத்தது. நற்செயல்தான். 2020 இல் அவ்வறிவிப்புக்குக் கீழேயே, நாம் பின்தொடராதோரின் பதிவுகளைப் பரிந்துரையாக அடுக்கத் தொடங்கியது. முற்றுப்புள்ளி இருந்த இடம் காற்புள்ளியாயிற்று. இதில் தொழில்நுட்பக் குறை எதுவும் இல்லை. நிறுத்தும் விருப்பம்தான் இல்லை.

செயலி எழுதும் நம் இளைஞர்கள் பலர், பட்டியல் வழுக்கி ஓடுவதையே தேர்ச்சியின் அளவுகோலாகக் கொள்கின்றனர். நாம் வேறொன்றைக் கேட்போம். ஓர் உருப்படியைத் திறந்து வாசித்துவிட்டுத் திரும்பினால், விட்ட இடம் கிடைக்கிறதா, அல்லது பட்டியல் தலைப்புக்கே தாவுகிறதா? கண்பார்வையற்றோர் திரைவாசிப்பானின் துணையோடு அதன் அடிக்குச் செல்ல இயலுமா? முதற்கேள்விக்குத் தேவையானது கடைசியாகப் பார்த்த உருப்படியின் எண்ணைச் சேமித்துவைப்பதே. எத்தனை புள்ளி தூரம் உருட்டினோம் என்பதை அன்று, ஏனெனில் புதியன சேர்ந்தால் அத்தூரம் மாறிவிடும்.