சுரைக்குடுக்கையும் இரண்டு வாரத் தொண்டும்

வெளிநாட்டுச் சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் இரண்டு வாரம் தங்கி, கை கழுவுவது பற்றியும் வயிற்றுப்போக்கு பற்றியும் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும் தன்னார்வலர், எத்தனை வகுப்பு எடுத்தேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார். சுகாதாரக் கல்வியில் அந்தக் கணக்கு செல்லாது. அவர் விமானம் ஏறிய மறுமாதம், குழந்தைக்கு வயிறு கலங்கியபோது தாய் என்ன செய்தாள்? அளவுகோல் அதுதான்.

1968 ஏப்ரலில், கோடை விடுமுறைத் தொண்டுக்காக மெக்சிக்கோ புறப்படவிருந்த வட அமெரிக்க மாணவர்களிடம் சமூக விமர்சகர் இவான் இல்லிச் பேசினார். சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் வாதம். ஏழைகளுக்கு உழைத்தே தீர வேண்டுமென்றால் சொந்த நாட்டு ஏழைகளிடம் போகச் சொன்னார். உங்கள் உதவி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவர்களால் முடியும். பேச்சின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மருந்துக்கு வரிசையில் நிற்கும் பெண், விருந்தாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டத்தான் செய்வாள். அதைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டால் கல்வி அங்கேயே முடிந்தது.

ஆனால் அதே மெக்சிக்கோவில் இல்லிச்சுக்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. 1960களின் நடுவில் சினலோவா மாநிலத்து மலையூரான அஹோயாவுக்கு வந்த டேவிட் வெர்னர் ஓர் அமெரிக்கர். மருத்துவரும் அல்லர், உயிரியல் ஆசிரியர். ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார். நோய் பார்ப்பதையும் கற்பிப்பதையும் ஊர்க்காரர்கள் கையில் படிப்படியாக விட்டார். அவர்களுடைய பாடக்கருவிகளில் ஒன்று சுரைக்குடுக்கை. உச்சியில் ஓட்டை போட்டு ஈரத்துணி போர்த்தி, நீர் நிரப்பி, கீழே அடைப்பைப் பிடுங்குவார்கள். நீர் வடிய வடியத் துணி உள்ளே குழியும். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உச்சிக்குழி ஏன் அமுங்குகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளே கண்டு சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் உள்ளூர்க்காரராக இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண் பணியாளர்கள் சுமார் 1.2 கோடி வீடுகளுக்குப் போய் உப்பு-வெல்லக் கரைசல் கற்பித்தார்கள்: மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாளோ அதைப் பொறுத்தே அவர்களுக்கு ஊதியம். தொடக்கத்தில் தாய்மார் பாடத்தைச் சரியாகச் சொன்னார்கள். நோய் வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் சிலரே. விசாரித்தால், கற்பித்தவர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசியிருக்கவும் இல்லை. இரண்டையும் திருத்தினார்கள். மறுபடி போய்க் கேட்டதால்தான் குறையே தெரிந்தது.

ஆக, இல்லிச் நோயைச் சரியாகக் கண்டார். மருந்தை மட்டும் கடுமையாக எழுதிவிட்டார். குற்றம் கடவுச்சீட்டில் இல்லை, திரும்பிப் பார்க்க ஆளில்லாத பாடத்தில் இருக்கிறது. ஊர்மொழி தெரியாமல், கற்பித்ததைப் பின்னர் சோதிக்க வழியில்லாத மருத்துவமனைக்கு இரண்டு வாரம் போவது வேண்டாம். பயணச் செலவை அங்குள்ள சுகாதாரப் பணியாளரின் சம்பளத்துக்கு அனுப்புவது மேல். மொழி கற்று, நெடுநாள் தங்கி, அந்தப் பணியாளர் பாடம் நடத்தும்போது சுரைக்குடுக்கைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கச் சம்மதிப்பவர் போகலாம்.