அச்சமும் நகையும்: 2024ஆம் ஆண்டின் பேய்ப்படங்கள்

மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு கூறினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பேயும் வருத்துந் தெய்வமும் அணங்கினுள் அடங்கும். இறையாவது ஒருவனை ஆளும் தலைவன் அல்லது அரசன். பேயையும் ஆள்வோனையும் ஒரே நிரலில் நிறுத்திய அப்பெரும்புலவரின் துணிவு, அச்சூத்திரத்தைக் கற்பிக்குந்தோறும் எம்மை வியக்கச் செய்வதுண்டு. அதற்கோர் அரிய விளக்கம், 2024ஆம் ஆண்டில் வெளிவந்த பேய்ப்படம் ஒன்றிலே கிடைத்தது. அதனை எடுத்துக்காட்டுதலும், அவ்வாண்டின் ஏனைய படங்கள் அதற்கு எங்ஙனம் தாழ்ந்தன என ஆராய்தலும் ஈண்டு எமது நோக்கம்.

பேய்ப்படம் கல்லூரி மலரிலே ஆராய்தற்குரிய பொருளோ என வினவுவார் உளர். காரைக்காலம்மையார் தம்மைப் பேயெனவே கூறிக்கொண்டார். சயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டிலே பரணி பாடியபொழுது, பேய்களைப் பாடுதற்கெனத் தனிப்பகுதி வகுத்தார். இவர்தம் நூல்களை மாணவர்க்குப் போற்றியுரைத்துவிட்டு, அம்மாணவர் இரவிலே கைத்தொலைபேசியில் விழித்திருந்து காணும் பேய்களைப் பற்றி வாய்திறவாதிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

தமிழரின் பேயை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அது பெரும்பாலும் வழக்காளியாகவே வருகின்றது. பழையனூர் நீலியின் கதையைக் கருதுக. கொலையுண்டவள் பேயாகிறாள், ஆயினும் தன் பகைவனை இருளிலே தனித்துப் பிடித்துக் கொல்லாது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்தி, ஊரவையின்முன் சென்று முறையிடுகிறாள். வேளாளர் எழுபதின்மர் அவள் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புரைக்கின்றனர். தீர்ப்புப் பிழைத்தமையால் தாம் கொடுத்த வாக்கின்படி தீயிலே புகுகின்றனர். அக்கதையிலே எம்மை நடுங்கச் செய்வது பேயின் பல்லன்று. நல்லோர் எழுபதின்மர் கூடியிருந்தும் பொய்யை மெய்யென நம்பிவிட்டனரே என்பதுதான்.

பேயல்லாத பெண்டிரும் இவ்வாறே. கண்ணகி சிலம்பேந்திப் பாண்டியனவையிலே நின்றாள். திரௌபதி கௌரவரவையிலே வினாவெழுப்பினாள். எமது புத்தளக் கரையில் உடப்பிலே ஆடித் திங்களில் திரௌபதியம்மனுக்குத் தீமிதிக்கும் அடியார், உண்மையில் ஒரு வழக்காளியையே வழிபடுகின்றனர் எனலாம். இம்மரபிலே வளர்ந்தார் பேய்ப்படம் எடுப்பின், பேயும் மனுவோடு வருதல் இயல்பே. 2011இல் வெளிவந்த 'காஞ்சனா'வில் நிலத்தின் பொருட்டுக் கொல்லப்பட்ட திருநங்கை பிறிதோர் உடலிற் புகுந்து நீதி பெறுகிறாள். மலையாளத்திலே வைக்கம் முகம்மது பஷீர் எழுத, வின்சென்ட் 1964இல் இயக்கிய 'பார்கவி நிலைய'த்திலும், கொலையுண்ட பெண்ணின் வரலாற்றை எழுத்தாளர் ஒருவர் எழுதி வெளிக்கொணர்கிறார். அஃதும் ஒருவகை வழக்குரையே.

2024 மே மாதம் வெளிவந்த சுந்தர் சி.யின் 'அரண்மனை 4' இம்மரபை ஐயந்திரிபற மெய்ப்பிக்கின்றது. இறந்த பெண்ணின் தமையன் படத்திலே தொழிலால் வழக்கறிஞன்! தங்கையின் சாவுக்குக் காரணந் தேடி அவன் வருகிறான். தங்கையோ பேயாயிருந்தும் தன் குழந்தையைக் காக்கும் தாயாகவே உலவுகிறாள். அவளைக் கண்டு அஞ்சுவதெங்ஙனம்? அச்சம் வேண்டுமென்பதற்காக அஸ்ஸாமிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து 'பாக்' என்னும் நீர்ப்பேயைக் கொணர்ந்துள்ளனர். இடையிடையே கோவை சரளாவும் யோகி பாபுவும் நகைப்பூட்டுகின்றனர்.

நகையும் அச்சமும் கலத்தல் தவறென்பது எம் கருத்தன்று. பரணியிலே கூழ் சமைக்கும் பேய்கள் நகைப்பூட்டுவன. ஆயின் ஆண்டு நகைப்பும் நடுக்கமும் ஒரே ஊற்றினின்று, பேயின் தீராப் பசியினின்று, பிறக்கின்றன. சிரித்துக்கொண்டிருக்கும்பொழுதே அக்கூழ் எதனாற் சமைக்கப்பட்டதென்பது நினைவுக்கு வரும், சிரிப்பு உறைந்துவிடும். இன்றைய படத்திலே பேய் ஒருபுறம், நகைச்சுவையாளர் மறுபுறம் எனப் பிரிந்து நிற்கின்றனர். தொல்காப்பியர் நகைக்குக் கூறிய எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் பேதைமையையும் மடனையுமே இயக்குநர் விடாது பற்றிக்கொண்டார். ஒருவர் மற்றொருவரைப் பேயென மயங்கி ஓடுதலை எத்தனை முறை கண்டு நகைப்பது! அவ்வாண்டு ஓகத்து 15இல் வெளியான இந்திப் படமாகிய 'ஸ்த்ரீ 2' இவ்வகையிலே சற்றுத் திறமுடையது. சந்தேரி என்னும் ஊரிலே தலையற்ற முண்டமொன்று பெண்டிரைக் கவர்ந்து செல்கின்றது. ஊர் ஆடவரின் கோழைமையே நகைப்புக்கு நிலைக்களனாகின்றது. அங்கு நகைக்கும் அச்சத்துக்கும் உறவு உண்டு. அதே ஆண்டின் 'முஞ்யா' கொங்கணக் கரையின் இளம்பேய் ஒன்றை, விருப்பம் நிறைவேறாது இறந்த சிறுவனின் ஆவியை, மையமாகக் கொண்டது. நல்ல தொடக்கம், பின்னர் ஆரவாரம் மிகுந்துவிட்டது.

'ஸ்த்ரீ 2' வெளியான நாளிலேயே தமிழில் அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி 2' வெளிவந்தது. சென்னையிலே அப்பெயருடைய குடியிருப்பு உண்மையாகவே உள்ளது. முற்காலத்து வணிகரான ஜான் டிமான்டியின் பெயரால் வழங்குவது. 2015இல் வந்த முதற்படம் நண்பர் நால்வரை ஓர் அறையினுள் அடைத்து, கதவைத் திறக்கவொட்டாது செய்து, அதனாலேயே எம்மை நடுங்கச் செய்தது. இரண்டாம் படத்திலே அறை விரிந்து நூலகமாகி, புத்தத் துறவியராகி, இரட்டைச் சகோதரராகி எங்கெங்கோ செல்கின்றது. அருள்நிதி இரு வேடங்களிலும் குறையின்றி நடித்துள்ளார். எனினும் படத்தின் நெஞ்சு பிரியா பவானி சங்கர் ஏற்ற கைம்பெண் பாத்திரத்திலேயே உள்ளது. இறந்த கணவனின் ஆவி எங்குற்றதென அறியாது அவள் படும் பாடு, இழவினாற் பிறக்கும் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தக்க காட்டு. அத்துயரிலே இயக்குநர் இன்னுஞ் சிறிது தங்கியிருப்பாராயின் படம் உயர்ந்திருக்கும். அவரோ புதிரவிழ்த்தலிலே விரைகின்றார். விதிகள் பல விளக்கப்படுகின்றன. விளக்கப்பட்ட பேய்க்கு எவரும் அஞ்சார்.

இனி, யாம் தலைசிறந்ததெனக் கருதும் படத்துக்கு வருவோம். 2024 பெப்புருவரி 15இல் வெளிவந்த மலையாளப் படமாகிய 'பிரமயுகம்' அது. இயக்கியவர் ராகுல் சதாசிவன். 2022இல் ஒரு தாயையும் மகனையும் ஒரு வீட்டையும் கொண்டே 'பூதகாலம்' எடுத்தவர். உரையாடல் எழுதியவர் டி. டி. இராமகிருஷ்ணன். இலங்கைப் போரைக் களமாக்கி 'சுகந்தி என்ற ஆண்டாள் தேவநாயகி' எழுதிய அந்நாவலாசிரியரே இவர். முழுதுங் கறுப்பு வெள்ளையிலே ஆக்கப்பட்ட இப்படத்தின் பெரும்பகுதியைத் தாங்குவோர் மூவரே.

கதை நிகழ்காலம் 17ஆம் நூற்றாண்டு, களம் மலபார். அடிமைப்பட்ட பாணன் ஒருவன், பெயர் தேவன், தப்பியோடிக் காட்டிலே வழிதவறிச் சிதைந்த மனையொன்றை அடைகிறான். அங்கே ஒரு முதியவரும் ஒரு சமையற்காரனுமே உளர். முதியவர் கொடுமன் போற்றி. மம்முட்டி ஏற்ற வேடம் இது. அவர் வந்தவனை விரட்டவில்லை. சாதி கேட்டு ஒதுக்கவில்லை. அமரச் செய்து, பாடச் சொல்லி, உணவளிக்கிறார். அச்சம் அவ்விருந்தோம்பலிலேயே தொடங்குகின்றது. பாய்ந்து வரும் கோர உருவமோ செவியைப் பிளக்கும் பேரொலியோ வேண்டப்படவில்லை. உண்பவரின் மெல்லலையும் மழையின் இடையறா ஓசையையும் கொண்டே இயக்குநர் எம்மைக் கட்டிவைக்கிறார்.

பின்னர் வருகின்றது சூதாட்டம். இழத்தற்கு என்னிடம் யாதுமில்லையே என்கிறான் பாணன். உன் காலம் உண்டே என்கிறார் போற்றி. வாழ்நாளையே பணயமாக வைத்து அவன் உருட்டுகிறான். சகுனியின் கவற்றைக் கதைகேட்டு வளர்ந்த எம் கரையோர்க்கு அக்காட்சியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பாரதத்திலே சூதாடிய இடம் ஓரவை. அங்கே வீடுமன் இருந்தான், விதுரன் இருந்தான், திரௌபதி வினவுதற்கு ஆட்கள் இருந்தனர். கொடுமன் போற்றியின் மனையிலே அவையில்லை. விதி வகுப்பவனும் ஆடுபவனும் தீர்ப்புரைப்பவனும் ஒருவனே. மனுக் கொடுப்பதற்கு இடமேயில்லை. அம்மனையிலே பேயெது, தலைவனெவன் என்னும் வினாவுக்குப் படம் தரும் விடையைக் காணாதார்க்குக் கூறிக் கெடுக்க யாம் விரும்பவில்லை. அணங்கும் இறையும் ஓரிருக்கையிலே அமர்ந்திருத்தலை மட்டும் சொல்லியாதல் வேண்டும். தொல்காப்பியரின் நிரல் இங்கே உயிர்பெற்று நடமாடுகின்றது.

மற்றொன்று. தேவன் பாடகன். அவன் பாட்டுக்கு மகிழ்ந்தே தலைவன் அவனை உள்ளே விடுகிறான். அப்பாட்டே அவனுக்கு விலங்காகின்றது. உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடிவந்த அம்பாப் பாடல்களை நாம் கலையெனப் போற்றித் தொகுக்கின்றோம். பாடியவன் கை வலைக்கயிற்றிலே இருந்ததையும், அவ்வலை பிறிதொருவனுடையதாயிருந்ததையும் எண்ணுவார் சிலரே. படத்தின் இறுதியிலே துப்பாக்கியேந்திய போர்த்துக்கேயர் தோன்றுகின்றனர். முன்னேசுவரத்தை அவர் 16ஆம் நூற்றாண்டிலே இடித்த வரலாற்றைச் சிறுவயதிலேயே கேட்டறிந்த சிலாபத்தார்க்கு அச்சிறு காட்சி பெரிதாகத் தோன்றும். ஓர் இறை போய் வேறோர் இறை வருகின்றது, அவ்வளவே.

இங்ஙனம் கூறுமிடத்து எமக்கே ஒரு தடை எழுகின்றது. வழக்காளிப் பேயை இகழ்ந்து, மனுவுக்கு இடமில்லாத இருளைப் போற்றுதல் எளிது. ஆனால் 2004இன் கடற்கோளிலும், 2009 வரை நீடித்த போரிலும் உடல் கிடையாது போனோர் எண்ணிறந்த நாட்டிலே நாம் வாழ்கின்றோம். அந்தியேட்டி செய்தற்கு நாள் அறியாத வீடுகள் உள. அத்தகைய வீட்டிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் ஒருத்திக்கு, இறந்தவள் எழுந்து வந்து தன்னைக் கொன்றவனைச் சுட்டிக்காட்டும் காட்சி மலிவான பொழுதுபோக்கன்று. 'அரண்மனை 4'இலே பேயுருவான தாய் குழந்தையை அணைக்குமிடத்துக் கண்ணீர் விடுவாரை நகையாட எம்மால் இயலாது. ஆகவே எம் குறை, பேய் நீதி கேட்கின்றதே என்பதன்று. மூன்று மணி நேரத்துக்குள், ஒரு கோயிற் பாட்டோடு, நீதி முழுதுங் கிடைத்துவிடுகின்றதே என்பதுதான். நீலியின் வழக்கிலே தீர்ப்புரைத்தோர்க்கும் விலையிருந்தது. எழுபது உயிர் அவ்விலை. இக்காலப் படங்களிலே அவையோர் எவரும் எதனையும் இழப்பதில்லை. கொடியவன் ஒருவன் மாள, ஊர் நிம்மதியாக உறங்கச் செல்கின்றது.

'பாக்' என்னும் அந்நீர்ப்பேயைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அஸ்ஸாமியர் கதையிலே அது மீனை விரும்பி நீர்நிலையிலே வாழ்வது. மீனவனைக் கொன்று, அவனுருவை எடுத்துக்கொண்டு, அவன் வீட்டுக்கே திரும்புவதாகவுஞ் சொல்வர். கடலுக்குப் போனவன் விடியலிலே கதவைத் தட்டுகிறான். குரல் அவனதே, முகம் அவனதே. அடுப்பேற்றிச் சோறிடும் மனைவி மட்டும் ஏதோ வேறுபாடுணர்கிறாள். இவ்வளவு அரிய கருவைக் கையிலே பெற்றும், மாளிகையும் ஆடலும் தேடிப் போயினர் படமெடுத்தோர். கற்பிட்டிமுதல் உடப்புவரை இராத் தொழிலுக்குப் போவோர் வாழும் இக்கரையிலே, அக்கதையை மாளிகையின்றி ஒரு வாடியினுள்ளே வைத்து நாடகமாக எழுதத்தக்க இளைஞர் இம்மலரைப் படிப்போருள்ளும் இருத்தல் கூடும்.