மரிக்கார் ஏன் திருந்தவில்லை?

ஓடிடி வந்த பிறகு நம் விமர்சகர்கள் கையில் ஓர் அளவுகோல் ஏறியிருக்கிறது. அதன் பெயர் ‘கேரக்டர் ஆர்க்’. முதல் எபிசோடில் ஓரிடத்தில் நிற்கும் பாத்திரம் கடைசி எபிசோடில் வேறோர் இடத்தில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது அட்டைப் பாத்திரம். இந்த அளவுகோலோடு பின்னோக்கிப் போய், தமிழ் நகைச்சுவைத் தொடர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்புசாமி வளரவில்லை, மாது வளரவில்லை, பட்டாபி வளரவில்லை. ஆகவே எழுதியவர்களுக்கு எழுதத் தெரியவில்லை.

தெரிந்துதான் எழுதினார்கள் என்பது என் கட்சி. பாத்திரம் வளர்வது ஒன்று. தனக்கு நேர்ந்ததை மறக்காமல் இருப்பது இன்னொன்று. நகைச்சுவைத் தொடருக்கு இரண்டாவதுதான் உயிர். ஒருவன் திருந்தாமலே இருக்கலாம். ஆனால் போன வாரம் யாரிடம் மூக்குடைபட்டான் என்பது இந்த வாரம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தொடர்கள் சறுக்கிய இடம் இதுதான், மற்றது அல்ல. அமெரிக்காவில் ‘சைன்ஃபெல்ட்’ எழுதியவர்கள், யாரும் யாரையும் கட்டிப்பிடித்து உருகக் கூடாது, யாரும் எந்தப் பாடமும் கற்கக் கூடாது என்று விதியே வைத்துக்கொண்டார்கள். அதை மேதைமை என்று மெச்சும் அதே வாய்தான் அப்புசாமியை அட்டை என்கிறது.

ஆரம்பத்தை வேகமாகக் கடந்துவிடலாம். தேவனின் சாம்பு 1942-இல் விகடனில் துப்பறியத் தொடங்கி, வேம்புவைக் கல்யாணம் செய்துகொண்டு, தகப்பனும் ஆகிறான். வாழ்க்கை நகர்கிறது, அசட்டு அதிர்ஷ்டம் மட்டும் நகரவில்லை. பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் எழுதிய ஜ.ரா. சுந்தரேசன் இன்னும் துணிச்சல்காரர். குமுதத்தில் அறுபதுகளில் பிறந்த அப்புசாமியும் சீதாப்பாட்டியும் தலைமுறைகள் கடந்தும் அதே வயதில் இருந்தார்கள். பாட்டியின் பா.மு.க. (பாட்டிகள் முன்னேற்றக் கழகம்) அப்படியே, தாத்தாவின் கைச்செலவுத் தட்டுப்பாடு அப்படியே. வாசகர்கள் கிழவர்களாகி அவர்களை எட்டிப்பிடித்தார்கள். 2017-இல் ஜ.ரா.சு. மறையும்வரை யாரும் அவரிடம் ‘ஆர்க்’ கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த வரிசையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பெயர் எஸ். ராம்தாஸ். இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ எழுதியவர். தமிழ்நாட்டில் நகைச்சுவை வரலாறு எழுதுகிறவர்கள் மயிலாப்பூரில் கிளம்பித் தியாகராய நகரில் முடித்துவிடுவதால் இவர் கண்ணில் படுவதில்லை. எங்கள் ராமநாதபுரக் கரையில் கதை வேறு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல்தான். சென்னையைவிடக் கொழும்பு காதுக்குப் பக்கம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியின் ஸ்டேஷனையும் ஜெட்டியையும் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் கொண்டுபோயிற்று. இலங்கைக் கப்பலோடு இணைந்து 1914 முதல் ஓடிய போட் மெயில் ரயிலுக்குப் போகும் ஊர் இல்லாமல் ஆயிற்று. அலைவரிசையை மட்டும் புயலால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ராம்தாஸே மரிக்காராக நடித்தார். டி. ராஜகோபால் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரன் உபாலி, பி.எச். அப்துல் ஹமீத் ஐயர். மரிக்காருக்கு இலங்கை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ், அப்புக்குட்டிக்கு யாழ்ப்பாணத் தமிழ், உபாலிக்குச் சிங்களம் கலந்து தடுக்கி விழும் தமிழ், ஐயருக்கு அக்கிரகாரத் தமிழ். ராம்தாஸ் என்ற பெயர்க்காரர் மரிக்காராகவும் அப்துல் ஹமீத் என்ற பெயர்க்காரர் ஐயராகவும் பேசினார்கள் என்பதை இன்றைய சூழலில் ஒருமுறை அழுத்தமாகச் சொல்லி வைக்கலாம். நடிகர்களின் சொந்தப் பெயரோடு பாத்திரப் பெயர் ஒட்டிக்கொண்டு, மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே கடைசிவரை அழைக்கப்பட்டார்கள். 1976-இல் ‘கோமாளிகள்’ திரைப்படமாகவும் வந்தது.

வானொலியில் பாத்திரத்துக்கு முகம் இல்லை, சட்டை இல்லை, நடை இல்லை. பேச்சு மட்டும்தான் ஆள். உபாலி இவர்களோடு வருஷக்கணக்கில் பழகுகிறான். தமிழ் கொஞ்சமாவது தேறியிருக்காதா? தேறியிருக்கும். ராம்தாஸ் தேறவிடவில்லை. உபாலியின் தமிழ் திருந்திய நாளில் உபாலி என்ற ஆளே காணாமல் போவான். நாலு பேரும் நாலு தமிழை விட்டுக்கொடுக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் அங்கே நகைச்சுவை. தப்பாகப் புரிந்துகொண்டும் அடுத்த வாரம் மறுபடி வந்து உட்கார்வதுதான் அதன் அரசியல். இதைவிட ஒழுங்காகப் பாத்திரத்தைக் காப்பாற்றிய எழுத்து பின்னாளில் நம் தொலைக்காட்சியில் மிகக் குறைவு.

பிறகு 1983 ஜூலை, இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். உபாலியும் அப்புக்குட்டியும் ஒரே அறையில் சிரித்துக்கொண்டிருப்பது என்பதே நம்பக் கஷ்டமான காட்சியாகிவிட்டது. எழுத்தில் பிழை ஏதும் இல்லை. பாத்திரங்கள் நின்ற இடத்தில்தான் நின்றன. நாடு அவற்றின் காலடியிலிருந்து விலகிப் போயிற்று. ஒரு பாத்திரத்தின் நம்பகத்தன்மையை எழுத்துக்குள்ளேயே வைத்து அளந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு உதாரணத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும். ராம்தாஸ் பின்னாளில் சென்னைக்கு வந்துவிட்டார். 2016-இல் இங்கேயே காலமானார்.

தொலைக்காட்சியும் எங்களுக்கு முதலில் அக்கரையிலிருந்துதான் வந்தது. 1982-இல் ரூபவாஹினி தொடங்கியதும் தென்கடற்கரை வீடுகளில் ஆன்டெனாக்கள் உயர்ந்தன. சென்னைத் தூர்தர்ஷன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று. 1995-இல் ராமேசுவரத்தில் 323 மீட்டருக்கு ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் கட்டினார்கள். அந்த ரகத்தில் நாட்டிலேயே உயரமானது. கோபுரம் எங்கள் ஊரில் நின்றது. அதில் இறங்கிய சிரிப்பெல்லாம் சென்னைச் சபாச் சிரிப்பு.

சபாவைப் பழிக்கவில்லை. கிரேஸி மோகன் 1979-இல் தொடங்கிய ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ மேடையில் நாடகத்துக்கு நாடகம் அதே மாது, அதே சீனு, அதே ஜானகி, அதே மைதிலி. ஒவ்வொரு நாடகமும் பலகையைத் துடைத்துவிட்டு எழுதப்படுகிறது. மாதுவுக்குப் போன நாடகம் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அவன் வேறு மாது. இது நேர்மையான ஏற்பாடு. கட்டியங்காரன் வளர்கிறானா என்று கூத்தில் யாரும் கேட்பதில்லை. கோளாறு எங்கே வந்தது என்றால், இந்த மேடை வழக்கத்தை அப்படியே வாரத் தொடருக்குள் கொண்டுவந்தபோது. வாரத் தொடரில் மாது வேறு மாது அல்ல. அதே ஆள், அதே வீடு, அதே சோபா. அங்கே துடைத்துவிட்டு எழுதினால் அது வழக்கம் அல்ல, மறதி.

மறதியைத் தொழிலாகவே ஆக்கியவை மெகா சீரியல்கள். ஒரு நாள் மாலை ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடும். மாமியாரின் முகமே மாறியிருக்கும். வீட்டில் ஒருவரும் திகைக்க மாட்டார்கள். முகம் மாறியதையாவது மன்னிக்கலாம். குணம் மாறும்போது எழுத்துகூட ஓடாது. ரேட்டிங் சரிந்த வாரத்தில் நல்லவள் கெட்டவளாவாள், தொடர் முடிகிற வாரத்தில் கெட்டவள் காலில் விழுவாள். இதற்கும் ‘ஆர்க்’ என்றே பெயர் வைத்துவிடலாம் போலிருக்கிறது. தொடங்கிய இடம் வேறு, முடிந்த இடம் வேறுதானே!

இத்தனைக்கும் நடுவே ‘ரமணி வெர்சஸ் ரமணி’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். ‘மர்மதேசம்’ எடுத்த அதே நாகா. தொண்ணூறுகளின் கடைசியில் முதல் பாகம்: பப்லு பிருத்விராஜும் வாசுகியும். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. தொலைபேசியில் யாரோ ரமணியைக் கூப்பிட்டால் யாரை என்று கேட்க வேண்டிய வீடு. வாரம் ஒரு சண்டை, வாரம் ஒரு சமாதானம். சொன்னால் சாதாரணமாக இருக்கும். சாதாரணமாக இல்லாமல் போனது எதனால் என்றால், அந்தச் சண்டைகளுக்கு வம்சாவளி இருந்தது. ஒரு புருஷன் எந்தப் பொய்யை எந்த மூஞ்சியோடு சொல்வான் என்பது மனைவிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தும் சொன்னான். கல்யாணமானவர்கள் யாரும் இதை எழுத்து என்று நினைக்கவில்லை, பக்கத்து வீடு என்று நினைத்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் வந்தார்கள். ‘இவருக்குப் பதில் இவர்’ கதைதான். ஆனால் உறுத்தவில்லை, ஏனென்றால் முகங்கள் மாறியும் சண்டையின் சட்டம் மாறவில்லை. 2022-இல் ஆஹா தளத்தில் மூன்றாவது வந்தபோது நாகா செய்தது இன்னும் விநோதம்: இரண்டாம் பாகத்துக் கணவன் ராம்ஜி, முதல் பாகத்து மனைவி வாசுகி. அதாவது திரையில் ஒருவரோடொருவர் ஒருநாளும் குடித்தனம் நடத்தியிராத இரண்டு பேர், வளர்ந்த பிள்ளைகளோடு நிற்கும் பழைய தம்பதியாக. இது ஒட்டவே கூடாது. ஒட்டியது. பாத்திரத்தின் தொடர்ச்சி நடிகரின் முகத்தில் இல்லை, எழுத்தாளரின் ஞாபகத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

மூன்றாவதில் எனக்கு மனக்குறையும் உண்டு. இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குச் சண்டை போட முழு வாக்கியம் தேவைப்படாது. பாதி வார்த்தை, ஒரு ‘ம்’, காபி டம்ளரை வைக்கிற சத்தம் போதும். அதுதான் தம்பதியின் வளர்ச்சி. ஆனால் ஓடிடி காலத்து ரமணிகள் தங்களை விளக்கிக்கொள்கிறார்கள். தலைமுறை இடைவெளி பற்றி ஒரு தெளிவுக்கு வந்து நிற்கிறார்கள். பழைய ரமணிகள் எந்தத் தெளிவுக்கும் வந்ததில்லை. அதனால்தான் அடுத்த வாரமும் பார்த்தோம்.

அதே நாகா 2024-இல் ‘தலைவெட்டியான் பாளையம்’ இயக்கினார். இந்தி ‘பஞ்சாயத்’தின் தமிழ் வடிவம். பட்டணத்துப் பையன் கிராமத்துக்கு வேண்டா வெறுப்பாக வந்து, மெல்ல ஊரோடு ஒட்டுகிற அதே கோடு. தேவதர்ஷினியும் சேத்தனும் திருநெல்வேலிச் சீமைக்கு இயல்பாக உயிர் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் எப்போது மனம் இளகுவான் என்பது உத்தரப் பிரதேசத்தில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ரமணியை மண்ணிலிருந்து எடுத்தவருக்கு அச்சில் வார்த்த ஆள் கொடுக்கப்பட்டிருக்கிறான். புது அளவுகோலின்படி இதில்தான் வளர்ச்சி அதிகம்!

எம்.எஸ். பாஸ்கரின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரில் அவர் நடித்த பட்டாபி வளரவே இல்லை. குழறும் பேச்சும் விழிக்கும் விழியுமாக வாராவாரம் அதே பட்டாபி. 2007-இல் ராதாமோகன் ‘மொழி’யில் அதே பாஸ்கரைக் காலம் உறைந்துபோன பேராசிரியராகக் கொண்டுவந்தார். எண்பதுகளிலேயே நின்றுவிட்டு, அந்தக் காலத்துச் செய்திகளை இன்றைய செய்தியாகப் பேசும் மனிதர். முதல் பாதியில் சிரிக்கிறோம். பிறகு மகனைப் பறிகொடுத்த வருஷத்தோடு அவர் கடிகாரம் நின்றது என்று தெரிகிறது. நகைச்சுவைப் பாத்திரம் ஏன் வளர்வதில்லை என்ற கேள்விக்கு ஒரு திரைக்கதை நேருக்கு நேர் பதில் சொன்ன அபூர்வம் அது. அங்கே அவர் அழுதார். நடிகர் மட்டும் வளர்ந்துகொண்டே போய், ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணைநடிகருக்கான தேசிய விருது வாங்கினார். அதில் அவர் ஏற்றதும் எளிதில் விட்டுக்கொடுக்காத ஒரு முரட்டு மனிதரை.

பாஸ்கர் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யிலும் இருக்கிறார். 2025 மே தினத்தன்று வந்த, அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் கடல் தாண்டி எங்கள் கரையில் இறங்கும் தர்மதாஸ் குடும்பம், போலீசிடம் மாட்டி, சின்னப் பையனின் வாய்ச் சாமர்த்தியத்தில் தப்பிச் சென்னைக்குப் போகிறது. காலனியில் ஒவ்வொருவராக இளகிக் கடைசியில் எல்லோரும் அந்தக் குடும்பத்துக்காக நிற்கிறார்கள். எத்தனை வளர்ச்சி என்று எழுதித் தள்ளினார்கள். தர்மதாஸை யாரும் கவனிக்கவில்லை. படகிலிருந்து இறங்கியபோது எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறார்: அதே மரியாதை, அதே பயம், அதே கனிவு. நடுவில் அசையாத ஒருவர் இருப்பதால்தான் சுற்றி இருப்பவர்கள் அசைவது தெரிகிறது. படத்தின் பலவீனம், அவர்கள் மிக வேகமாக அசைவது. இரண்டு மணி நேரத்தில் ஒரு காலனியே திருந்துவது சினிமாவுக்குச் சரி. ஒரு தெருக்காரர் அகதிக் குடும்பத்துக்குத் தண்ணீர்க் குடத்தில் முறை விடுவதற்கே நிஜத்தில் இரண்டு மாதம் ஆகும்.

அந்த இரண்டு மாதத்தை எழுதத் தோதான வடிவம் தொடர்தான். அதற்கான ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் அரிச்சல்முனைப் பக்கம் மணல் திட்டில் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போன குடும்பங்கள் மண்டபம் முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டன. முகாமில் முன்பே வந்து பிள்ளை பெற்றுப் பேரன் கண்டவர்களும் இருக்கிறார்கள். அந்த வரிசை வீடுகளில் சண்டை உண்டு, கேலி உண்டு, எல்லோரையும் கணக்கெடுக்கும் அதிகாரிக்குப் பட்டப்பெயர் உண்டு. பாட்டி அப்புக்குட்டியின் தமிழைக் கடைசிவரை விடமாட்டாள். பேரன் பள்ளிக்கூடத்தில் ராமநாதபுரத்தானாகவும் வீட்டில் மன்னார்க்காரனாகவும் பேசுவான். எந்த வாரத்தில் அவன் வீட்டிலும் பள்ளிக்கூடத்துப் பேச்சை ஆரம்பிக்கிறான், பாட்டி அதைக் கேட்டும் கேளாததுபோல் எத்தனை வாரம் இருக்கிறாள், எந்த வாரம் அகப்பையை எடுக்கிறாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு எழுத ராம்தாஸ் மாதிரி ஒரு காது வேண்டும். முப்பது வாரம் போதும். கடைசி வாரத்தில் பாட்டியைத் திருத்திவிடாதீர்கள்.